பழைய ஸ்விஃப்டை டிராக்குக்குத் தயார் செய்வது எப்படி

பாலக்காட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் என் வொர்க்‌ஷாப்புக்கு வருவதில் பாதி, தென்னந்தோப்புக்கு ஓடும் பிக்கப்பும் ஜீப்பும்தான். மீதியில் கொஞ்சம், இளவட்டப் பையன்கள் கொண்டுவரும் பழைய ஹேட்ச்பேக் கார்கள். தமிழ்ப் பையன் "அண்ணா" என்பான், மலையாளிப் பையன் "ஏட்டா" என்பான். கேட்பது மட்டும் ஒன்றே: "ரேஸ் டிராக்கில் ஓட்டணும், இன்ஜினில் என்ன செய்யலாம்?" இன்ஜினில் ஒன்றும் செய்யாதே என்று சொல்லித்தான் பேச்சையே ஆரம்பிப்பேன். கையில் இருக்கும் பணம் முதலில் பிரேக்குக்குப் போக வேண்டும். அப்புறம் டயர், அப்புறம் கூலிங். அதற்கு மேல் மிச்சமிருந்தால் சஸ்பென்ஷன். இன்ஜின் முறை வருவதற்குள் ஓட்டுகிறவனுக்கே விஷயம் புரிந்துவிடும்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பாக்கியம் உண்டு. வேலந்தாவளம் தாண்டி மதுக்கரை வழியாகப் போனால் கோயம்புத்தூர் பக்கத்துச் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சுமார் 2.1 கிலோமீட்டர் நீளம், 2003இல் திறந்தது. 1995இல் விமான விபத்தில் இறந்துபோன கரிவரதனின் பெயரைத் தாங்கிய டிராக் அது. மாருதி 800இன் 796 சி.சி. இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ரேஸ் காரை உருவாக்கியவர் அவர். பெரிய பணம் இல்லாதவனும் ரேஸ் ஓட்டலாம் என்று இந்த மண்ணில் காட்டியவர். அதனால்தான் சொல்கிறேன், 87 குதிரைத்திறன் கொண்ட பழைய காரோடு அங்கே போய் நிற்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. டிராக் சிறியது, நேர்ப்பாதையும் குட்டை. பவர் குறைந்த வண்டிக்குச் சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கிலோமீட்டர் டிராக்கை விட இதுதான் பாந்தமாக இருக்கும்.

எந்த வண்டி வாங்குவது? என் மனசுக்குப் பிடித்தது ஃபியட் பாலியோ 1.6. 2001இல் வந்தபோது இந்தியாவில் அந்த விலைக்கு அப்படி ஒரு ஸ்டியரிங் வேறெதிலும் கிடையாது. ஆனால் இன்று அதற்குச் சக்கரத்தைத் தாங்கும் ஒரு லோயர் ஆர்ம் தேடி நாலு ஊருக்கு போன் போட வேண்டும். போலோ ஜிடி டிஎஸ்ஐ நல்ல வேகம்தான், ஆனால் அதன் ஏழு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியில் கோளாறு வந்தால் அந்தச் செலவில் இன்னொரு பழைய கார் வாங்கிவிடலாம். அதனால் பட்ஜெட் என்று சொல்லி வருகிறவனுக்கு நான் காட்டுவது முதல் தலைமுறை ஸ்விஃப்ட், 1.3 பெட்ரோல். 2005 மே மாதம் வந்து 2010 வரை அந்த இன்ஜினோடு விற்றது. எடை ஒரு டன் அளவுதான். உதிரி பாகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், பழைய வண்டி பிரிக்கிற இடங்களில் கதவு முதல் கியர்பாக்ஸ் வரை கிடைக்கும். டீசல் ஸ்விஃப்ட் வேண்டாம், மூக்குப் பக்கம் கனம் அதிகம். கேஸ் மாட்டிய வண்டியும் வேண்டாம்.

கேரளா வண்டி பார்க்கும்போது ஒரு சோதனையை மறக்காதீர்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஆலுவா, செங்கன்னூர் பக்கமெல்லாம் எத்தனையோ கார்கள் முங்கின. அதில் சில வண்டிகள் துடைத்துப் பளபளப்பாக்கி இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு இருந்தால் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடலாம். கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் வண்டல் இருக்கிறதா, சீட் ஓடும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். கடலோரத்து வண்டி என்றால் அடித்தகரத்தையும், முன்பக்க ஷாக் அப்சார்பர் மேலே பொருந்தும் இடத்தையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் துரு தின்றிருந்தால் டிங்கரிங் செய்து சரிக்கட்டலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வளைவில் வண்டியின் மொத்தப் பாரமும் வந்து உட்காருவது அங்கேதான்.

அடுத்தது காகிதம். இந்த வயது வண்டிக்கு 15 வருஷ ஆர்.சி. முடிந்திருக்கும். புதுப்பித்த ஆர்.சி. கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விலை பேசவே தொடங்க வேண்டும். எல்லையோரத்தில் பலரும் விலை மலிவு என்று தமிழ்நாட்டு வண்டி வாங்கி இங்கேயே வைத்துக்கொள்கிறார்கள். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் பதிவை மாற்றியாக வேண்டும். கேரளத்தில் மாற்றம் செய்த வண்டியைச் சோதனையில் விடுவதும் இல்லை. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆகவே என் வழி இது: வண்டி ரோட்டில் போகும்போது முழுக்கக் கம்பெனி வண்டியாகவே போகட்டும். கழற்ற வேண்டியதை டிராக்கில் போய்க் கழற்றுங்கள், திரும்பும் முன் மாட்டிக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் பாலிசியையும் ஒருமுறை படியுங்கள். ரேஸ், வேகச் சோதனை எல்லாம் அதில் விலக்குப் பட்டியலில் இருக்கும். டிராக்கில் இடித்தால் செலவு உங்கள் பையிலிருந்துதான்.

சரி, பிரேக்குக்கு வருவோம். இதில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும்.

ரோட்டில் நீங்கள் ஒரு தடவை அழுத்திப் பிடித்தால், அடுத்த பிடிக்கு முன் பிரேக் ஆற நேரம் கிடைக்கும். டிராக்கில் அந்த இடைவெளி கிடையாது. ஒரு சுற்றில் பல முறை, சுற்றுக்கு மேல் சுற்று. சூடு, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்கிலிருந்து அதை நெருக்கிப் பிடிக்கும் பேடுக்கும், பேடிலிருந்து அதை அழுத்தும் காலிப்பருக்கும், அங்கிருந்து பிரேக் ஆயிலுக்கும் ஏறும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் என்பது இந்த ஆயிலின் தரக் குறி. புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்த பிறகு அதற்கு உத்தரவாதம் 155 டிகிரிதான். டாட் 3 என்றால் புதிதில் 205, ஈரம் குடித்தால் 140. பழைய வண்டியில் எத்தனை மழைக்காலம் பார்த்த ஆயில் கிடக்கிறதோ யாருக்குத் தெரியும்? கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகும். குமிழ் அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது.

அதனால் வாங்கிய வாரமே ஆயிலை முழுக்க மாற்றுங்கள். டாட் 4 போதும், கிடைத்தால் டாட் 5.1 இன்னும் நல்லது. டாட் 5 என்று மட்டும் போட்டிருப்பதைத் தொடாதீர்கள், அது சிலிகான், இதோடு சேராது. குழாயில் சிக்கிய காற்றை எடுக்கும்போது, பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் ஆரம்பிக்க வேண்டும். நம் வண்டிகளில் அது பின்பக்க இடது சக்கரம். வரும் ஆயில் தெளிவாகும் வரை விடுங்கள், கருப்பாக வருவதைப் பார்த்து நாலு தடவை மிதித்துவிட்டு மூடிவிடாதீர்கள். ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருந்தால் நாலையும் மாற்றுங்கள்.

பேட் விஷயத்தில், கடையில் கிடைப்பதிலேயே மலிவானதைப் போடுகிறவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கம்பெனி பேடோ அதற்கு மேலான ரகமோ போடுங்கள். பேட் சூடேறித் தோற்பதற்கும் ஆயில் கொதிப்பதற்கும் வித்தியாசம் காலுக்கே தெரியும். பெடல் கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் தோற்றுவிட்டது. பெடல் பஞ்சுபோல் உள்ளே போனால் ஆயில். இரண்டில் எது வந்தாலும் அந்தச் சுற்றோடு உள்ளே வந்துவிட வேண்டும். புது பேடை டிராக்கில் முதல் சில சுற்றுகளில் மிதமாகப் பிடித்துப் பிடித்துப் பழக்குங்கள், முழுசாக நிறுத்தாமல். பிறகு ஆறவிட்டு அடுத்த முறை இறக்குங்கள். பின்சக்கர டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதன் உள்ளே பிடிக்கும் ஷூவை அட்ஜஸ்ட் செய்து வைத்தால் பெடலின் உயரமே மாறிவிடும். இதற்குப் பைசா செலவில்லை, பெரும்பாலானவர்கள் செய்வதும் இல்லை.

டயரில் பெரிய சைஸ் மோகம் வேண்டாம். 14 இன்ச் ரிம்மிலேயே நல்ல பிராண்டின் புது டயர் நாலு போட்டால் போதும். நாலும் ஒரே மாடலாக இருக்கட்டும். பக்கவாட்டில் நாலு இலக்கத் தேதி இருக்கும்: 3222 என்றால் 2022இன் 32ஆவது வாரம். பழைய டயரின் வரிப்பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், வளைவில் பிடிக்காது. 15 இன்ச் போட்டே ஆக வேண்டும் என்றால் 195/60 பாருங்கள். 185/70 R14இன் உயரத்துக்குக் கிட்டத்தட்ட அதே அளவு வரும், ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது. ஆனால் சைஸ் மாற்றியதைச் சோதனையில் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். காற்றைக் குளிர்ந்த நிலையில் 30 பி.எஸ்.ஐ. பக்கம் வைத்துத் தொடங்கி, ஓடி வந்ததும் அளந்து பாருங்கள். நாலைந்து ஏறியிருக்கும். ரொம்ப ஏறினால் கொஞ்சம் இறக்குங்கள். ஒரு நல்ல பிரஷர் கேஜ் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள், பெட்ரோல் பங்க் மீட்டரை நம்பி இந்த வேலை நடக்காது.

கூலிங்: பாலக்காட்டு வெயிலில் மார்ச், ஏப்ரலில் 40 டிகிரி தொடும், செட்டிபாளையமும் அதற்குக் கொஞ்சம்தான் குறைவு. ரேடியேட்டரைக் கழற்றி உள்ளும் வெளியும் கழுவுங்கள். ஹோஸ், கிளாம்ப், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி எல்லாமே புதுசு. பச்சைத் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியாக இருந்தால் முதலில் அந்தத் துருவை வெளியேற்றிவிட்டுக் கூலன்ட் ஊற்றுங்கள். ஃபேன் சரியான நேரத்தில் சுற்றுகிறதா என்று நிறுத்திவைத்துப் பாருங்கள். இந்த 1.3 இன்ஜினில் டைமிங் பெல்ட் இருக்கிறது. எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் இல்லையென்றால், வாட்டர் பம்போடு சேர்த்து உடனே மாற்றுங்கள். இன்ஜின் ஆயில் டிப்ஸ்டிக்கின் மேல் கோடு வரை இருக்க வேண்டும், அதைத் தாண்டக் கூடாது. நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும், அளவு குறைவாக இருந்தால் பம்ப் காற்றை இழுத்துவிடும். பெட்ரோலும் அப்படியே, கால் டேங்குக்குக் கீழே போகவிடாதீர்கள்.

சஸ்பென்ஷனில் கீழே இறக்கும் ஸ்பிரிங்குக்கு முன்னால் புஷ், லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட், ஸ்டியரிங் ராட் எண்டு, வீல் பேரிங், இன்ஜின் மவுண்ட் இவற்றை முடித்துவிடுங்கள். பதினைந்து வருஷ ரப்பரை மாற்றினாலே வண்டி பாதி இளமைக்கு வந்துவிடும். புது ஷாக் நாலும் கம்பெனி ரகமே போதும். முன்பக்கம் சக்கரச் சாய்வை மாற்றும் கேம்பர் போல்ட் மாட்டினால் சக்கரத்தின் மேல்பக்கத்தை ஒன்றரை டிகிரி அளவு உள்ளே சாய்க்கலாம், டயரின் வெளி ஓரம் தேய்வது குறையும், வளைவில் மூக்கு வெளியே ஓடுவதும் குறையும்.

சீட் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ரேஸ் கார்களில் வரும் நாலு பட்டை பெல்ட்டான ஹார்னஸை மட்டும் வாங்கி மாட்டுவது இப்போது ஒரு மோகமாக இருக்கிறது. உள்ளே கூரையைத் தாங்கும் இரும்புக் குழாய்க் கூடான ரோல் கேஜ் இல்லாத வண்டியில் அது ஆபத்து. வண்டி உருண்டு கூரை அமுங்கினால் சாதாரண பெல்ட்டில் உடம்பு பக்கமாகச் சாயும், ஹார்னஸ் நிமிர்த்தியே பிடித்து வைத்திருக்கும். நடுவில் கீழ்ப்பட்டை இல்லாவிட்டால் மோதலில் உடம்பு அடியில் வழுக்கும். கேஜ் போடும் வரை கம்பெனி பெல்ட்டே போதும். சீட்டைச் சற்று முன்னே தள்ளி, முதுகு முழுக்கப் படியும்படி உட்கார்ந்து, இழுத்துப் பூட்டிக்கொள்ளுங்கள். ஹெல்மெட் முழு முகம் மூடியதாக இருக்கட்டும். தீயணைப்பான் வைத்தால் உலோகப் பிடியில் போல்ட் போட்டு வையுங்கள். சீட் அடியில் உருளுகிற தீயணைப்பான் பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கும்.

டிராக்கில் போய்ச் சேர்ந்ததும் ஸ்டெப்னி, ஜாக்கி, பாய், பின்சீட்டின் அடிப்பகுதி, டேஷ்போர்டில் ஒட்டிய சாமி படம் உட்பட எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். இழுக்கும் கொக்கியை மாட்டுங்கள். வீல் நட்டை, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் பாருங்கள், ஒவ்வொரு முறை உள்ளே வந்த பிறகும் பாருங்கள். முதல் சுற்று டயருக்கும் பிரேக்குக்கும் சூடேற, கடைசிச் சுற்று இரண்டும் ஆற. ஆறும் சுற்றில் பிரேக்கைத் தொடாமல் கியரிலேயே இறங்கி வாருங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், சூடான டிரம்மில் ஷூ பிடித்துக்கொண்டு நிற்கும். கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை வையுங்கள். பின்னால் வேகமான வண்டி வந்தால் நேர்ப்பாதையில் கையைக் காட்டி வழிவிடுங்கள். டிராக் டே என்பது போட்டி கிடையாது, அன்று யாருக்கும் கோப்பையும் கிடையாது.

பெட்ரோல் செலவைக் குறைத்துக் கணக்குப் போடாதீர்கள். ரோட்டில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி அங்கே ஐந்தாறுதான் கொடுக்கும். டிசம்பர், ஜனவரியில் போனால் வண்டிக்கும் உங்களுக்கும் வெயில் தொல்லை இல்லை.

வீடு திரும்பிய மறுநாள் சக்கரத்தைக் கழற்றி பேடின் கனத்தை அளந்து எழுதி வையுங்கள். டிஸ்கில் வெடிப்பு இருக்கிறதா, டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பிரேக் ஆயிலில் நாலு சக்கரத்திலும் கொஞ்சம் கொஞ்சம் வெளியே எடுங்கள். நிறம் மங்கியிருந்தால் மொத்தமும் புதிதாக ஊற்றிவிட்டுத்தான் அடுத்த தேதிக்குப் பணம் கட்ட வேண்டும்.