குடலைக் கவனித்தால் எதிர்ப்புச் சக்தி: புதிதாகத் தொடங்குவோருக்கு

குடலின் உட்சுவர் ஒரே ஒரு செல் அடுக்கால் ஆனது. அதன் ஒரு பக்கம் நாம் உண்ட உணவும் கோடானுகோடி பாக்டீரியாக்களும். மறுபக்கம் இரத்தக் குழாய்கள். நோய் எதிர்ப்புச் செல்களின் பெரும் படை ஒன்று இந்தச் சுவரை ஒட்டியே காவல் நிற்கிறது. எதிர்ப்புச் சக்திக்கென்று பொடியும் மாத்திரையும் தேடுவோரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்தச் சுவருக்கு இன்று என்ன கொடுத்தீர்கள்?

கொடுக்க வேண்டியது நார்ச்சத்து. அதை நம்மால் செரிக்க முடியாது. பெருங்குடல் வரை அப்படியே போய்ச் சேரும். அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு பியூட்டிரேட்தான் முதன்மையான எரிபொருள். வீணாக அழற்சி (திசுக்கள் சிவந்து வீங்குவது) மூளாமல் அடக்கிவைக்கும் எதிர்ப்புச் செல்கள் உருவாகவும் அது துணை செய்கிறது. நார்ச்சத்து கிடைக்காத எலிகளின் குடலில், சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே பாக்டீரியாக்கள் தின்னத் தொடங்கியதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

முதல் படி: மூன்று நாள் குறிப்பு

எதையும் மாற்றாமல், மூன்று நாள் உண்டதை எல்லாம் எழுதுங்கள். மலம் எப்படிப் போனது என்பதையும் எழுதுங்கள்; இதில் கூச்சம் வேண்டாம். உருண்டை உருண்டையாக இறுகியிருந்தால் மலச்சிக்கல். வழுவழுப்பாக, நீளமாக, சிரமமின்றிப் போனால் நல்லது.

இரண்டாம் படி: ஒரு கைப்பிடி பயறு

10 வயதுக்கு மேற்பட்டோருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் ஏறத்தாழ 7 கிராம் இருக்கிறது. தோலுடன் ஒரு நடுத்தர ஆப்பிளில் சுமார் 4 கிராம்.

கணக்கு எளிதாகத் தெரிவதால் பலரும் எடுத்த எடுப்பிலேயே 25 கிராமை எட்டப் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். இரண்டாம் நாளே வயிறு கல்லாக உப்பி, இது நமக்கு ஒத்துவராது என்று நிறுத்திவிட்டேன். ஒத்துவராதது பயறு அன்று, வேகம். பாக்டீரியாக்கள் பெருகிப் பழகச் சில வாரங்கள் ஆகும். எனவே முதல் நான்கு வாரம் நாளுக்கு ஒரு வேளை ஒரு கைப்பிடி போதும்.

இரவே நிறைய நீரில் ஊறவையுங்கள். காலையில் நீரின் மேல் சிறு குமிழ்கள் நிற்கும். வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அந்த நீரில் கரைந்திருக்கும். அதைக் கொட்டிவிட்டு, புது நீரில் வேகவையுங்கள். இரு விரலால் நசுக்கினால் மாவாக மசிய வேண்டும். நடுவில் கடுக்கென்று இருந்தால் இன்னும் வேகட்டும். அன்றைக்குத் தண்ணீரும் கூடுதலாகக் குடியுங்கள். நீரில்லாமல் நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் மலம் இன்னும் இறுகும்.

மூன்றாம் படி: வகையைக் கூட்டுங்கள்

ஒரே காயை நிறையச் சாப்பிடுவதைவிடப் பல வகையைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பது மேல். வெங்காயம், பூண்டு, கீரை, முழுத்தானியம், கொட்டைகள், பழம்: வாரத்துக்கு ஒரு புதிய வகை சேரட்டும்.

நான்காம் படி: புளித்த உணவு

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், தயிர் போன்ற புளித்த உணவுகளை 10 வாரம் கூட்டிச் சாப்பிட்டவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் பெருகின. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதங்கள் குறைந்தன. ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 36 பேர்தான், அவர்களில் பாதிப் பேரே புளித்த உணவு உண்டவர்கள் என்றாலும் எனக்கு இது நம்பிக்கை தரும் சான்று. தொடக்கத்துக்கு நாளுக்கு ஒரு கிண்ணம் சர்க்கரை சேர்க்காத தயிர் போதும். கொதிக்கும் உணவில் கலக்காதீர்கள். சூட்டில் பாக்டீரியாக்கள் மடிந்துவிடும்.

ஆன்டிபயாட்டிக் மருந்துகளை மருத்துவர் சொல்லாமல் விழுங்காதீர்கள். அவை நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்தே அழிக்கின்றன. மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, நீண்ட நாள் குடல் நோய் உள்ளவர்களும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் சிகிச்சையில் இருப்பவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே இவற்றைத் தொடங்க வேண்டும்.

நான்காம் வார முடிவில் மீண்டும் மூன்று நாள் எழுதி, பழைய தாளின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வயிறு அமைதியாக இருந்தால் இரண்டாவது கைப்பிடியைச் சேர்க்கலாம்.