ஐ.க்யூ. 73 என்றால் சேவை கிடையாதா? விண்ணப்பங்களில் நடக்கும் தவறுகள்

"ஐ.க்யூ. 73. எனவே தகுதியில்லை." வளர்ச்சிசார் குறைபாட்டுச் சேவைக்கு விண்ணப்பித்த குடும்பத்துக்கு, அறிவுசார் குறைபாட்டுக்கான எல்லை 70 என்று கொண்டு இப்படி ஒரு பதில் வந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். எண்ணை அப்படியே ஏற்று ஒதுங்கிவிடுவார்கள், இல்லையென்றால் அடுத்த மாதமே இன்னொரு சோதனைக்குப் பிள்ளையை அழைத்துப் போவார்கள். இரண்டுமே அவசரம். அந்த 73 எந்தச் சோதனையில், எந்த ஆண்டின் ஒப்பீட்டு அட்டவணைப்படி (அதே வயதினர் பலர் பெற்ற மதிப்பெண்களோடு ஒப்பிட உதவும் அட்டவணை இது), எந்த மொழியில் வந்தது, அன்று பிள்ளை எப்படி இருந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். விண்ணப்பத்தைத் தயார் செய்பவர்களும் அதைப் பரிசீலிப்பவர்களும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

70ஐக் கத்தி வைத்து வெட்டிய கோடாகப் படிப்பது

இன்றைய பெரிய சோதனைகளில் சராசரி 100, திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்ற அளவு) 15. இரண்டு திட்டவிலக்கம் கீழே போனால் 70. மக்கள்தொகையில் நூற்றுக்குச் சுமார் இரண்டு பேர் அதற்குக் கீழே வருவார்கள். 70 என்ற எண் வந்த கதை இவ்வளவுதான். 70க்கும் 71க்கும் நடுவில் மூளையில் எந்த எல்லைக் கல்லும் நடப்பட்டிருக்கவில்லை.

எந்த அளவீட்டிலும் பிழை உண்டு. அதே ஆளை அதே சோதனையில் வேறொரு நாள் உட்காரவைத்தால் மூன்று நான்கு புள்ளிகள் ஏறலாம், இறங்கலாம். அதனால்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 என்ற நோயறிதல் கையேடு 70ஐத் தனி எண்ணாகச் சொல்லாமல், ஐந்து புள்ளி பிழைக்கு இடம்விட்டு 65 முதல் 75 வரை என்ற வரம்பாகச் சொல்கிறது. 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் ஹால் எதிர் ஃபுளோரிடா வழக்கில் இதையே ஏற்றது: 70க்கு மேல் ஒரு புள்ளி இருந்தாலும் மற்ற சான்றுகளைப் பார்க்கவே மாட்டோம் என்று ஒரு மாநிலம் கதவடைக்க முடியாது. அது மரண தண்டனை வழக்கு, சேவை வழக்கல்ல. ஆனால் அளவீட்டுப் பிழை பற்றிய வாதம் ஒன்றுதான்.

ஆகவே அறிக்கையில் 95 விழுக்காடு நம்பக எல்லை, அதாவது உண்மையான மதிப்பெண் பெரும்பாலும் அடங்கும் வரம்பு, எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அந்த எல்லை பெற்ற எண்ணுக்கு இருபுறமும் சமமாக இல்லாமல், சராசரியான 100ஐ நோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்கலாம். அது அச்சுப்பிழை அல்ல, கணக்கு முறையே அப்படி.

இன்னொரு குழப்பம் சதமானம். "2ஆவது சதமானம்" என்று எழுதியிருப்பதை நூற்றுக்கு இரண்டு மதிப்பெண் என்று படிப்பவர்கள் உண்டு. அதே வயதினர் நூறு பேரில் 98 பேர் இவரைவிட மேலே இருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். இருபது முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஸ்டான்ஃபோர்டு-பினே என்ற ஐ.க்யூ. சோதனையின் அறிக்கை கையில் இருந்தால் அந்தப் பதிப்பின் திட்டவிலக்கத்தையும் பாருங்கள். பழைய பதிப்புகளில் அது 16. அந்த அளவுகோலில் இரண்டு திட்டவிலக்கம் கீழே என்றால் 68.

அட்டவணையின் வயதைக் கேட்காமல் விடுவது

ஒரு சோதனை வெளிவந்து ஆண்டுகள் ஆக ஆக, அதில் எல்லோருடைய மதிப்பெண்ணும் மெல்ல ஊதிப்போகும். ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபிளின் பெயரால் அழைக்கப்படும் விளைவு இது. பரவலாகப் பயன்படும் மதிப்பீடு ஆண்டுக்கு 0.3 புள்ளி. அட்டவணைக்கான தரவு 2002இல் திரட்டப்பட்டு, சோதனை 2014இல் நடந்திருந்தால் 12 ஆண்டு இடைவெளி, 3.6 புள்ளி. அங்கே வந்த 73ஐப் புதிய அட்டவணையில் வைத்தால் 69க்கும் 70க்கும் இடையில் நிற்கும்.

இதில் இரண்டு சறுக்கல். புத்தகம் வெளியான ஆண்டிலிருந்து எண்ணுவது ஒன்று, தரவு திரட்டிய ஆண்டிலிருந்துதான் எண்ண வேண்டும். அறிக்கையில் உள்ள மதிப்பெண்ணையே திருத்தி எழுதிவிடுவது மற்றொன்று. பெற்ற மதிப்பெண் அப்படியே இருக்கட்டும். அதன் கீழே தனிப் பத்தியில் அட்டவணையின் வயதையும் கணக்கையும் விளக்கச் சொல்லுங்கள். எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் இந்த ஏற்றம் ஒரே வேகத்தில் நடக்கவில்லை என்பதால், திருத்தத்தை ஏற்காத பரிசீலகர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் இதை மட்டுமே நம்பிப் போகக் கூடாது.

குறுகிய இடைவெளியில் திரும்பத் திரும்பச் சோதிப்பது

அதே சோதனையைச் சில மாதங்களில் மறுபடி கொடுத்தால் பழக்கத்தாலேயே மதிப்பெண் ஏறும். கட்டைகளை அடுக்குவது, நேரம் வைத்துச் செய்வது போன்ற பகுதிகளில் ஏற்றம் அதிகம். "எண் குறையும்" என்று போனவர்கள் கூடுதலான எண்ணோடு திரும்புவதற்கு இதுவே காரணம். கோப்பில் அந்த உயர்ந்த எண்தான் கண்ணில் படும். ஓராண்டுக்குள் மறுசோதனை தேவைப்பட்டால் வேறு சோதனையைத் தேர்ந்தெடுப்பதே உத்தமம்.

கிடைத்த சோதனையைக் கொண்டு சமாளிப்பது

பதினைந்து நிமிடத்தில் முடியும் சுருக்கச் சோதனைகள் முதற்கட்டமாகச் சலித்தெடுக்க உதவும், தகுதியைத் தீர்மானிக்கப் போதாது. ரேவனின் படவரிசைச் சோதனை அமைப்பைக் கண்டுபிடித்துப் பகுத்தறியும் திறனைத்தான் பார்க்கிறது. சொல்வளமும் நினைவாற்றலும் அதில் தெரியாது. தகுதிக்குத் தேவை, தனியாள் முறையில் நடத்தப்பட்ட முழுச் சோதனை.

மொழி பெரிய கண்ணி. ஆங்கிலச் சோதனையை உட்கார்ந்த இடத்தில் தமிழாக்கிக் கேட்டால் சொற்களின் கடினம் மாறிவிடும். ஆங்கிலத்தில் எளிதான சொல்லுக்குத் தமிழில் புத்தகச் சொல் மட்டும் இருக்கலாம், கடினமானதற்கு வீட்டுச் சொல் இருக்கலாம். அப்படி வந்த எண்ணுக்கு அந்த ஒப்பீட்டு அட்டவணை பொருந்தாது. பேச்சு வராதவர்கள், செவித்திறன் குறைந்தவர்கள், சோதனை மொழி தெரியாதவர்கள் ஆகியோருக்கு லைட்டர்-3 போன்ற சொல்லற்ற சோதனைகள் உண்டு. பெருமூளை வாதம் உள்ளவரிடம் பென்சிலும் கடிகாரமும் வைத்து எடுத்த மதிப்பெண், கையின் வேகத்தை அளந்ததாகவே இருக்கும். அங்கே குறைந்த எண் வந்துவிட்டதே என்று விண்ணப்பதாரர் தரப்பு மகிழ்வதிலும் பொருளில்லை. பரிசீலகர் அதை எளிதில் தள்ளிவிடுவார்.

முந்தைய இரவு வலிப்பு வந்ததா, மருந்து மாறியதா, கண்ணாடியும் செவிக்கருவியும் அணிந்திருந்தாரா, தூங்கினாரா என்பதெல்லாம் "சோதனையின்போது நடத்தை" பகுதியில் இருக்க வேண்டும். "ஒத்துழைத்தார்" என்ற ஒற்றைச் சொல் எதற்கும் உதவாது.

மொத்த எண்ணோடு நின்றுவிடுவது

6 முதல் 16 வயது வரையிலானோருக்கான வெக்ஸ்லர் சோதனையின் ஐந்தாம் பதிப்பில் ஐந்து குறியீடுகள், அதாவது தனித்தனித் திறன்களுக்கான மதிப்பெண்கள்: சொல்லறிவு, காட்சி-வெளி, பகுத்தறிவு, செயல்நினைவு, செயல்வேகம். சொல்லறிவு 64, காட்சி-வெளி 98 என்று விரிந்து கிடக்கும் பிள்ளைக்கு "மொத்தம் 78" என்பது எந்தத் திறனையும் சரியாகக் காட்டாது. துணைச் சோதனைகள் பெரிதும் வேறுபட்டால் மொத்த எண் செல்லாததாகலாம் என்று டி.எஸ்.எம்.-5 கையேடே சொல்கிறது. அதற்காக, விருப்பமான குறியீட்டை மட்டும் பொறுக்கி எடுத்து வாதாடுவதும் எடுபடாது. ஏன் இந்த விரிசல், அன்றாடத்தில் அது எங்கே தெரிகிறது என்று உளவியலாளர் எழுத வேண்டும்.

மொத்த எண் குறியீடுகளின் சராசரி அல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாக் குறியீடும் 70 அருகே இருந்தால் மொத்தம் அதற்கும் கீழேதான் வரும். "கூட்டிப் பார்த்தேன், தவறாக இருக்கிறது" என்று சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

உண்மையான கணக்குத் தவறுகள் வேறு இடத்தில் இருக்கும். வயதைத் தவறாகக் கணக்கிட்டால் அட்டவணையே மாறிவிடும். 9 ஆண்டு 11 மாதம் 28 நாளை 10 வயது என்று உயர்த்தக் கூடாது. மூல மதிப்பெண்ணைக் கூட்டுவதில் பிழை, நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டிக் கேட்பது, இடையில் குறிப்பு கொடுப்பது ஆகியவையும் நடக்கின்றன. சந்தேகம் இருந்தால் மதிப்பெண் தாளை இன்னொரு உளவியலாளர் சரிபார்க்கக் கோரலாம்.

"அவன் செய்வான்" என்று சொல்லிவிடுவது

தோற்றுப்போகும் விண்ணப்பங்களில் நாம் அதிகம் கவலைப்படுவது இதற்காகத்தான். ஐ.க்யூ. எவ்வளவு குறைந்திருந்தாலும், அன்றாடத் தகவமைவுத் திறனில் (தன் வேலைகளைத் தானே பார்த்துக்கொள்ளும், பிறரோடு பழகும் திறன்) குறை காட்டப்படாவிட்டால் அறிவுசார் குறைபாடு என்ற முடிவுக்கு வர முடியாது. குறைபாட்டின் தீவிரத்தையும் டி.எஸ்.எம்.-5 தகவமைவை வைத்தே பிரிக்கிறது, ஐ.க்யூ.வை வைத்து அல்ல. கருத்து சார்ந்தது, சமூகம் சார்ந்தது, நடைமுறை சார்ந்தது என்று மூன்று களங்கள்.

தகவமைவுத் திறனை அளக்கும் வைன்லேண்ட்-3 பேட்டியில் ஒவ்வொரு செயலுக்கும் வழக்கமாகச் செய்தால் 2, சில நேரம் என்றால் 1, இல்லையென்றால் 0. கேள்வி, உதவியோ நினைவூட்டலோ இல்லாமல் செய்கிறாரா என்பது. "செய்ய முடியுமா" என்று கேட்கவில்லை. நம் வீடுகளில் அம்மா "குளிப்பான், சாப்பிடுவான், எல்லாம் செய்வான்" என்பார். தண்ணீர் பிடித்து வைப்பது, சோப்பை எடுத்துக் கொடுப்பது, மூன்று முறை குரல் கொடுப்பது எல்லாம் அவருக்குப் பழகிப்போய் உதவியாகவே தோன்றாது. பிள்ளையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற பாசமும் சேர்ந்துகொள்ளும். குளியல் 2 ஆகிவிடும்.

பேட்டிக்கு முன் ஒரு வாரம் குறிப்பு எடுத்து வையுங்கள். எந்த வேலை, எத்தனை முறை சொல்ல வேண்டியிருந்தது, எந்தப் படியில் நின்றது. "பணம் கையாளத் தெரியாது" என்பதைவிட, "50 ரூபாய் கொடுத்து 32 ரூபாய்க்கு வாங்கினால் மீதி எவ்வளவு என்று கேட்கத் தெரியாது, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்" என்பது பயன்படும். மிகைப்படுத்தவும் வேண்டாம். வீட்டில் எல்லாம் 0, பள்ளியில் ஆசிரியர் சொல்வது பெரும்பாலும் 2 என்றால் இரண்டுமே நம்பகம் இழக்கும். வெவ்வேறு இடங்களில் அவரைப் பார்க்கும் இருவரிடமாவது மதிப்பீடு வாங்குவது நல்லது.

எப்போது தொடங்கியது என்பதைக் காட்டாமல் விடுவது

குறைபாடு வளர்ச்சிப் பருவத்திலேயே இருந்தது என்று காட்ட வேண்டும். அமெரிக்க அறிவுசார் மற்றும் வளர்ச்சிசார் குறைபாடுகள் சங்கம் 2021இல் இந்த எல்லையை 18 வயதிலிருந்து 22 வயதாக உயர்த்தியது. நாற்பது வயதில் முதல்முறை சோதிக்கப்பட்டவரின் எண் 66 என்றாலும், நடுவில் தலைக்காயமோ மனச்சோர்வோ வந்திருந்தால் கேள்வி எழும். பள்ளி மதிப்பெண் அட்டைகள், அதே வகுப்பில் மறுபடி நிறுத்திவைத்த பதிவு, குழந்தை நடந்த, பேசிய வயது எழுதிய மருத்துவக் குறிப்பு போன்ற பழைய தாள்கள் அங்கே புதிய சோதனையைவிட அதிகம் பேசும்.

மறுமுனையில், ஐந்து வயதுக்குக் கீழ் எடுத்த எண்ணை வாழ்நாள் தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது. அந்த வயதில் மதிப்பெண் நிலையாக இருப்பதில்லை. டி.எஸ்.எம்.-5 அவர்களுக்கு "முழுமையான வளர்ச்சித் தாமதம்" என்ற தனித் தலைப்பே வைத்து, பின்னர் மறுமதிப்பீடு செய்யச் சொல்கிறது.

சில திட்டங்களில் ஆட்டிசம், பெருமூளை வாதம், வலிப்பு ஆகியவற்றுக்குத் தனி வழியே உண்டு. அங்கே அன்றாடச் செயல்பாட்டில் எவ்வளவு தடை என்பதே அளவுகோல், ஐ.க்யூ. 95ஆகவும் இருக்கலாம். எந்தப் பிரிவின் கீழ் விண்ணப்பிக்கிறோம் என்று விதியைப் படித்துவிட்டு, அதன் பிறகு சோதனைக்குத் தேதி வாங்குங்கள்.