மூன்றாம் ஆண்டில் வந்த டாக்டர் ஆசை: அமெரிக்கக் கல்லூரியில் எங்கிருந்து தொடங்குவது?

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்குள் நுழையப் பெரும்பாலும் ஒரு நான்காண்டுப் பட்டம் வேண்டும். வரலாறு, இசை, கம்ப்யூட்டர் என அது எந்தத் துறையாகவும் இருக்கலாம். கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்துக்கொண்டிருந்த எனக்கு மூன்றாம் ஆண்டில்தான் மனம் மாறியது. உடனே மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்துறையை, மாற்ற ஓடினேன். வீண் அலைச்சல். இருக்கிற மேஜரை முடித்துக்கொண்டே, மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் பாடங்களைச் சேர்த்துப் படித்தாலே போதும்.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களைப் பல மருத்துவக் கல்லூரிகள் சேர்ப்பதில்லை. எம்.டி. கல்லூரிகளின் (அமெரிக்காவில் எம்.டி. என்பது டாக்டராவதற்கான அடிப்படைப் பட்டம்தான்) விதிகள் எம்எஸ்ஏஆர் என்ற இணையத் தொகுப்பில் இருக்கின்றன.

படி 1: மருத்துவமனைக்குள் போய்ப் பாருங்கள்

ஒரு டாக்டரோடு கூடவே இருந்து அவர் வேலையைக் கவனிப்பதை ஷேடோயிங் என்பார்கள். நோயாளியிடம் பேசுவதில் எவ்வளவு நேரம் போகிறது, கணினியில் குறிப்பு எழுதுவதில் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். இரண்டாவதையும் சகித்துக்கொள்ள முடிந்தால் மேற்கொண்டு படியுங்கள். போன தேதி, மணிக்கணக்கு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். விண்ணப்பத்தில் கேட்பார்கள்.

படி 2: கெமிஸ்ட்ரியை வைத்துக் கணக்குப் போடுங்கள்

தாமதமாக வருகிறவரின் காலக்கணக்கைத் தீர்மானிப்பது இதுதான். பயாலஜி ஓராண்டு, பிசிக்ஸ் ஓராண்டு, இரண்டும் லேபோடு. இவற்றை மற்ற பாடங்களோடு சேர்த்தே எடுத்துவிடலாம். கெமிஸ்ட்ரி அப்படி இல்லை. ஜெனரல் கெமிஸ்ட்ரி இரண்டு செமஸ்டர், அது முடிந்தால்தான் ஆர்கானிக் இரண்டு செமஸ்டர், அப்புறம் பயோகெமிஸ்ட்ரி. ஒன்றைத் தாண்டித்தான் அடுத்தது.

உதாரணமாக, மூன்றாம் ஆண்டு ஜனவரியில் ஜெனரல் கெமிஸ்ட்ரியின் முதல் பகுதி, கோடையில் இரண்டாம் பகுதி. நான்காம் ஆண்டு முழுக்க ஆர்கானிக். பட்டம் கையில் வரும்போது பயோகெமிஸ்ட்ரி பாக்கி நிற்கும். முதல் ஆர்கானிக் முடிந்ததுமே அதை எடுக்கச் சில கல்லூரிகள் விடுகின்றன. உங்கள் கல்லூரியில் கேளுங்கள். ஜனவரியில் முதல் பகுதியை நடத்தவே நடத்தாத கல்லூரிகளும் உண்டு. ஆர்கானிக்கைக் கோடையில் அவசரமாக முடிக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஆக, பட்டத்துக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் நடுவே ஓராண்டாவது, சில சமயம் இரண்டாண்டு இடைவெளி விழும். வீட்டில் இதைச் சொல்வது கஷ்டம்தான். ஆனால் இப்போது சேருகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அப்படி இடைவெளி விட்டு வருகிறவர்களே.

படி 3: மதிப்பெண்ணைக் காப்பாற்றுங்கள்

எம்.டி. விண்ணப்பம் ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாகப் போகிறது. அங்கே பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கணக்கு நான்குக்கும் சேர்த்துத் தனியாக ஒரு ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) போடுவார்கள். உங்களிடம் அறிவியல் பாடங்கள் குறைவு என்பதால் ஒரே ஒரு ‘சி’ கூட அதை நன்றாக இழுத்துவிடும். திரும்ப எழுதினாலும் பழைய மதிப்பெண் அழியாது, இரண்டும் கணக்கில் வரும். ஒரே செமஸ்டரில் மூன்று லேப் வகுப்புகளை அடுக்காதீர்கள்.

அறிவியல் பேராசிரியர்கள் இரண்டு பேரிடமாவது பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டியிருக்கும். மாணவர்களைச் சந்திக்க அவர்கள் ஒதுக்கும் ஆபீஸ் நேரத்தில் போய்ச் சந்தேகம் கேட்டு முகத்தைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

படி 4: எம்கேட் நுழைவுத் தேர்வு

நான்கு பகுதிகள், கிட்டத்தட்ட ஏழரை மணி நேரம், மதிப்பெண் 472 முதல் 528 வரை. பயோகெமிஸ்ட்ரி நிறைய வரும் என்பதால் அந்தப் பாடத்தை முடித்த பிறகு எழுதுவதே நல்லது. வாழ்நாளில் 7 முறைதான் எழுதலாம். ‘சும்மா ஒரு தடவை எழுதிப் பார்ப்போம்’ என்று போகாதீர்கள், அந்த மதிப்பெண்ணும் பதிவில் நிற்கும்.

படி 5: விண்ணப்பம்

சேர நினைக்கும் ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் மே மாதமே ஆம்காஸ் திறந்துவிடும். பல கல்லூரிகள் வந்த வரிசையில் பார்த்து இடங்களை நிரப்புவதால் ஜூனிலேயே அனுப்பப் பாருங்கள். பட்டத்துக்குள் பாடங்கள் முடியாவிட்டால் துறை மாறுகிறவர்கள் பட்டத்துக்குப் பிறகு இந்தப் பாடங்களை முடிப்பதற்கான போஸ்ட்-பேக் படிப்பு இருக்கிறது. ஜிபிஏவைத் தூக்குவதற்கான சிறப்பு முதுகலைப் படிப்பு வேறு. பெயரைப் பார்த்துக் குழம்பி அதில் பணம் கட்டிவிடாதீர்கள்.