பிரித்ததுதான் பிரித்தோம்... ஜாகுவார் எக்ஸ்கே இன்ஜினில் செய்யக்கூடாதவை

ஜாகுவாரின் ஆறு சிலிண்டர் எக்ஸ்கே இன்ஜின் 1948-இல் வந்தது. 1992 வரை தயாரிப்பில் இருந்தது. அதனால் உதிரிபாகம் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. பழைய இன்ஜினைப் பிரித்துப் புதுப்பிப்பவர்களுக்கு வினையே அங்கேதான். பிஸ்டன் செட், பேரிங் செட் எல்லாம் வாங்கி அலமாரியில் அடுக்கிவிட்டு அப்புறம் இன்ஜினை இறக்குகிறார்கள். போர் (சிலிண்டர் துளை) 0.020 இஞ்ச் ஓவர்சைஸில், அதாவது அவ்வளவு பெரிதாக்கினால் தேறுமா, 0.030 வரை போக வேண்டுமா என்பது பிளாக்கைக் கழுவி அளந்த பிறகுதான் தெரியும். பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டும் அப்படித்தான். அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள். பிஸ்டன் கைக்கு வந்ததும் அதை அளந்து போர் போடச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால், பிரிக்கத்தான் வேண்டுமா? இந்த இன்ஜின் உள்ள ஜாகுவார் இ-டைப் காரில் ஆயில் பிரஷர் முள் இறங்கினால் உடனே பயப்பட வேண்டாம். பிரஷரை உணர்ந்து முள்ளுக்குச் சொல்லும் சென்டர் (sender) அடிக்கடி பொய் சொல்லும். மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, சூடான இன்ஜினை 3000 ஆர்பிஎம்மில் வையுங்கள். 40 பிஎஸ்ஐ பக்கம் நின்றால் அடிப்பாகம் பிழைத்தது. ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனும் (உள்ளழுத்தம்) பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஜாகுவார் கணக்கில் முதல் சிலிண்டர் பின்னால், ஃப்ளைவீல் பக்கம் இருக்கிறது. இது தெரியாமல் முன்னாலிருந்து எண்ணினால் நல்ல சிலிண்டரைக் குடைவீர்கள்!

அதிகம் கெடுவது சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்தான். அலுமினிய ஹெட் சூடேறி வளைந்திருந்தால், அடிப்பரப்பை மட்டும் சீவித் தட்டையாக்கிக் கொடுத்துவிடுவார்கள். கீழே கண்ணாடி மாதிரி இருக்கும். மேலே, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் உட்காரும் பேரிங் வரிசை வளைந்தபடியே கிடக்கும். சோதிப்பது சுலபம்: பக்கெட் (கேமுக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள கிண்ணம்), வால்வு இல்லாமல் கேம்ஷாஃப்டை வைத்து, அதைப் பிடிக்கும் கேப்களை முறுக்கி, விரலால் சுற்றுங்கள். வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். எங்காவது பிடித்தால், முதலில் ஹெட்டை நிமிர்த்த வேண்டும், சீவுவதெல்லாம் பிறகு. கழற்றிய ஹெட்டைத் தரையில் தட்டையாக வைப்பது இன்னொரு தவறு. திறந்திருக்கும் வால்வுகள் கீழே நீட்டிக்கொண்டிருக்கும், வளைந்துவிடும். கட்டை கொடுத்து வையுங்கள்.

சுத்தம் செய்வதில் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். பிளாக்கின் பின்பக்க வாட்டர் ஜாக்கெட்டில் (குளிர்நீர் ஓடும் அறை) சேறு கெட்டியாக உறைந்திருக்கும். அதன் அடைப்பு பிளக்குகளைக் கழற்றிச் சுரண்டாமல் போகாது. கிராங்கின் ஆயில் வழிகளுக்கும் திருகு பிளக்குகள் உண்டு. அவற்றைத் திறக்காமல் கழுவினால், உள்ளே இருக்கும் கசடு புது பேரிங்குக்குத்தான் போகும்.

"பிரித்ததுதான் பிரித்தோம், ரேஸ் கேமும் போட்டுவிடலாமே" என்று தோன்றும். ஊருக்குள் ஓட்டும் காருக்கு எதற்கு? அந்தக் காசை லேத் பட்டறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, முதல் ஸ்டார்ட். பெட்ரோல், கார்புரேட்டர், டைமிங் எதையும் சரிபார்க்காமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் புது கேம் மேல் பொருத்தும்போது பூசிய அசெம்பிளி கிரீஸ் வழிந்தே போய்விடும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டுச் சுற்றி ஆயில் பிரஷர் வரவையுங்கள். பிடித்ததும் ஐடிலில் விடாதீர்கள். முதல் 20 நிமிடம் 2000 ஆர்பிஎம்மிலேயே ஓடட்டும், கண் மட்டும் டெம்பரேச்சர் முள்ளின் மேல் இருக்கட்டும்.