தெளிந்த ஏரியில் பனிக்கட்டிக்கு அடியில் மீன் எங்கே நிற்கும்? புதியவர்களுக்கான செய்முறை

மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் பக்கம் குடிவந்த நம் ஆட்கள் பலருக்குக் குளிர்காலம் என்றால் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற காலம். ஆனால் ஏரி உறைந்த பிறகு அதன்மேல் நடந்து போய், துளை போட்டு மீன் பிடிப்பது இங்கே எல்லா வயதினரும் செய்கிற சாதாரண விஷயம். படகு வேண்டாம், பெரிய செலவும் இல்லை. தொடங்குகிறவர்களுக்கு ஏற்றவை பேன்ஃபிஷ் எனப்படும் கையகல மீன்கள்தான்: புளூகில், கிராப்பி, மஞ்சள் பெர்ச். புளூகில் பார்வைக்கு நம் ஜிலேபிக் கெண்டையின் தம்பி மாதிரி இருக்கும். பொரித்தால் ருசியும் பிரமாதம்.

இந்தப் பதிவு தெளிந்த நீர் ஏரிகளுக்கு மட்டும். கலங்கிய ஏரியில் பழகியவர்கள் இங்கே வந்ததும் திணறுவார்கள். காரணம் வெளிச்சம். மீன் எந்த ஆழத்தில் நிற்கும், எந்த நேரத்தில் சாப்பிடும், உங்களைக் கண்டு மிரளுமா என்பதையெல்லாம் தெளிந்த ஏரியில் வெளிச்சம்தான் முடிவு செய்கிறது. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இதை மனதில் வையுங்கள்.

முதலில் உயிர், அப்புறம் மீன்

நடந்து போக குறைந்தது 4 அங்குலம் கனமுள்ள, கண்ணாடி போன்ற புதுப் பனிக்கட்டி வேண்டும் என்கிறது மினசோட்டா இயற்கை வளத்துறை. பனி பெய்து கலந்து வெள்ளையாக உறைந்த கட்டிக்குப் பலம் பாதிதான். அங்கே இரு மடங்கு கனம் தேவை. ஓடை வந்து சேரும் இடம், ஊற்று, பாலத்தடி ஆகியவற்றை எப்போதுமே தவிர்த்துவிடுங்கள். ஒரு கடப்பாரையால் முன்னால் குத்திப் பார்த்துக்கொண்டே நடப்பதும், அடிக்கடி ஒரு துளை போட்டுக் கனத்தை அளப்பதும் பழக்கமாகட்டும். விழுந்தால் பிடித்து மேலே ஏற உதவும் கைப்பிடி ஆணிகளைக் கழுத்திலேயே தொங்கவிடுங்கள். தனியாகப் போகாதீர்கள். மினசோட்டாவில் 16 வயது ஆனவர்களுக்கு மீன்பிடி உரிமம் கட்டாயம்.

படி 1: வீட்டிலேயே ஏரியைப் படியுங்கள்

மினசோட்டா இயற்கை வளத்துறையின் லேக்ஃபைண்டர் பக்கத்தில் ஏரியின் பெயரைப் போட்டால் ஆழ வரைபடம், என்னென்ன மீன் இருக்கிறது என்ற கணக்கெடுப்பு, நீர் எவ்வளவு தெளிவு என்பது வரை கிடைக்கும். தெளிவை செக்கி தட்டு என்ற கறுப்பு வெள்ளை வட்டத் தகட்டை நீருக்குள் இறக்கி அளக்கிறார்கள். அது கண்ணிலிருந்து மறைகிற ஆழம்தான் அளவு. 15 அடிக்கு மேல் இருந்தால் நல்ல தெளிந்த ஏரி என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த எண் முக்கியம். கலங்கிய ஏரியில் நீர்ச்செடிகள் 6, 8 அடியோடு நின்றுவிடும். தெளிந்த ஏரியில் 15 அடி, சில இடங்களில் 20 அடி ஆழம் வரைகூட இறங்கி வளரும். அப்படியானால் செடிகள் முடியும் விளிம்பும் அவ்வளவு ஆழத்தில் இருக்கும், மீனும் அங்கே போயிருக்கும். வரைபடத்தில் 8 முதல் 20 அடி வரை மெதுவாகச் சரிந்து, பிறகு சட்டென்று ஆழமாகும் ஒரு வளைகுடாவைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைய வேலை அங்கேதான்.

படி 2: பச்சைச் செடியைத் தேடுங்கள்

பனிக்கட்டிக்கு அடியில் எல்லாச் செடியும் செத்துவிடுவதில்லை. வெளிச்சம் படுகிற வரை சில செடிகள் பச்சையாகவே நிற்கும், ஆக்சிஜனையும் விடும். அவற்றின் இலைகளில் சின்னச் சின்னப் புழு பூச்சிகள் ஒட்டியிருக்கும். புளூகில்லுக்கு வீடும் சாப்பாடும் அங்கேயே. செத்துப் பழுப்பான செடி இதற்கு நேர்மாறு. அழுகும்போது அது ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும்.

எது பச்சை என்று எப்படித் தெரியும்? கொஞ்சம் கனமான கொக்கி ஒன்றைத் தரை வரை இறக்கி, ஒரு சுழற்று சுழற்றி மேலே இழுங்கள். வருவதைக் கையில் எடுத்துப் பாருங்கள். பச்சையாக, விறைப்பாக, ஒடித்தால் படக்கென்று ஒடிந்தால் இடம் சரி. பழுப்பாக, வழவழவென்று, சேற்று நாற்றத்தோடு வந்தால் நகர்ந்துவிடுங்கள். நீருக்கடியில் இறக்கும் கேமரா இருந்தால் வேலை இன்னும் சுலபம், ஆனால் கொக்கியே போதும். புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிற படி இதுதான். என் கணக்கில் இதற்குச் செலவழிக்கும் அரை மணி நேரம் வேறு எதையும் விட அதிகம் பலன் தரும்.

பனிக்கட்டியின்மேல் பல வாரம் பனி கனமாகக் கிடந்தால் கீழே இருட்டாகிச் செடிகள் சாக ஆரம்பிக்கும். ஜனவரி கடைசியில் பழைய இடத்தில் மீன் இல்லையென்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். காற்று பனியைத் துடைத்துப்போட்ட பகுதிகளை அப்போது தேடிப் பாருங்கள். அங்கே செடிகள் இன்னும் உயிரோடு இருக்கலாம்.

படி 3: துளைகளை முதலிலேயே போட்டுவிடுங்கள்

பனிக்கட்டியில் துளை போட, கையால் சுற்றும் 6 அங்குல ஆகர் என்ற துளைக்கருவி போதும். செடி விளிம்பை ஒட்டி ஒரு வரிசை, அதிலிருந்து ஆழத்தை நோக்கி இன்னொரு வரிசை என்று, பத்துப் பதினைந்து அடிக்கு ஒன்றாக, தூண்டிலை எடுக்கும் முன்பே எல்லாத் துளைகளையும் போடுங்கள். சத்தமெல்லாம் ஒரே நேரத்தில் முடிந்துவிடும். பிறகு முதல் துளைக்குத் திரும்பி வரும்போது அங்கே மீன் அமைதியாகியிருக்கும்.

பனியில்லாத பளிங்குக் கட்டியின்மேல், குறிப்பாக 10 அடிக்குக் குறைவான ஆழத்தில், உங்கள் காலடியும் நிழலும் மீனுக்குத் தெரியும். மெதுவாக நடங்கள். வாளியை இழுத்து உரசாதீர்கள். துளையைச் சுற்றி விழுந்த பனித்தூளில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே தள்ளி, தூண்டில் நரம்பு போகிற அளவுக்கு மட்டும் இடம் விட்டால், மேலிருந்து திடீரென்று விழும் ஒளிக்கற்றை குறையும்.

படி 4: சோனார்

ஒலியலையால் ஆழத்தையும் மீனையும் காட்டும் கருவி இது. இருந்தால் நல்லது, இல்லாமலும் பிடிக்கலாம். 20 டிகிரி கூம்பு கொண்ட சோனார் 15 அடி ஆழத்தில் தரையில் ஏறக்குறைய 5 அடி அகல வட்டத்தைத்தான் பார்க்கும். அந்தத் துளையில் ஒன்றும் தெரியவில்லை என்றால் அந்த 5 அடிக்குள் மீன் இல்லை என்று மட்டுமே பொருள். இரண்டு மூன்று நிமிடம் பாருங்கள், அடுத்த துளைக்குப் போங்கள். காற்றுக்குமிழ் இல்லாத தெளிந்த கட்டியாக இருந்தால், மேலே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி சோனார் முனையை அதில் வைத்தாலே, துளை போடாமல் ஆழம் தெரிந்துவிடும்.

படி 5: கண்ணால் பாருங்கள்

இந்தச் சலுகை தெளிந்த ஏரியில் மட்டும்தான் உண்டு. 6, 8 அடி ஆழத்தில் போட்ட துளையில் இருக்கும் பனித்தூளைச் சுத்தமாக அள்ளிவிட்டு, ஒரு பாயை விரித்துக் குப்புறப் படுங்கள். ஜாக்கெட்டைத் தலைக்கு மேல் இழுத்து வெளிச்சத்தை மறையுங்கள். கண் பழகியதும் செடிகளின் நுனி, அவற்றுக்கு நடுவே மணல் திட்டு, எல்லாம் தெரியும்.

இரையை மெல்ல இறக்குங்கள். புளூகில் ஓடி வந்து கவ்வாது. மிதந்து வந்து, ஓர் அங்குல தூரத்தில் நின்று, பக்கத் துடுப்புகளை மட்டும் படபடவென்று ஆட்டிக்கொண்டு உற்றுப் பார்க்கும். அந்த நேரத்தில் இரை அதிகம் ஆடினால் திரும்பிவிடும், அசையாமல் தொங்கினாலும் சில சமயம் போய்விடும். மெல்லிய நடுக்கம் போதும். பிறகு வாயைத் திறந்து நீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும். பிடிக்கவில்லை என்றால் அதே கணத்தில் துப்பிவிடும். மேலே நரம்பில் ஓர் அசைவும் தெரிந்திருக்காது! ஒருமுறை இதைக் கண்ணால் பார்த்துவிட்டால், தூண்டில் நுனியில் மென்மையான கம்பிச்சுருள் எதற்கு மாட்டுகிறார்கள் என்று புரிந்துவிடும்.

படி 6: தூண்டில்

நரம்பு 2 பவுண்டு இழுவை தாங்குவது, முள் 3 அல்லது 4 மில்லிமீட்டர் டங்ஸ்டன் தலை கொண்டது. டங்ஸ்டன் ஈயத்தை விட அடர்த்தி அதிகம், அதனால் சின்னதாக இருந்தாலும் வேகமாக இறங்கும். ஈயம் லூன் பறவைகளுக்கு விஷம் என்பது அதைத் தவிர்க்க இன்னொரு காரணம். இரைக்கு மெழுகுப் புழு அல்லது ஈப்புழு.

படி 7: சாயங்காலம் இடம் மாறுங்கள்

பகலில் செடி விளிம்பில் புளூகில். அதையும் தாண்டி, சேறு படிந்த ஆழமான தரையை ஒட்டி, புழுக்களைப் பொறுக்கிக்கொண்டு மஞ்சள் பெர்ச் திரியும். அதுவும் பகல் மீன்தான், இருட்டினால் அடங்கிவிடும்.

கிராப்பி அப்படியல்ல. வெயில் நன்றாக இருக்கும் பகலில் தெளிந்த ஏரியில் அது ஆழமான பள்ளத்தின் நடுநீரில் சும்மா நிற்கும். சூரியன் இறங்க ஆரம்பித்ததும் நீரில் மிதக்கும் நுண்விலங்குகள் மேலே எழும், கூடவே கிராப்பியும் எழும். எனவே மாலை நான்கு மணிக்கெல்லாம் செடிப் பகுதியை விட்டு, பக்கத்திலுள்ள பள்ளத்தின் ஓரத்துக்கு வந்துவிடுங்கள். கிராப்பி மேல்நோக்கிப் பார்த்து உண்ணும் மீன், அதனால் இரை எப்போதும் அதற்கு ஓர் அடி மேலே இருக்கட்டும். அது இரையை எடுத்துக்கொண்டு மேலே வருவதால் நரம்பு இழுபடாமல் தளர்ந்துபோகும். தளர்ந்தால் உடனே மெல்லத் தூக்குங்கள்.

படி 8: எதை வீட்டுக்கு எடுத்துப் போவது

மினசோட்டாவில் பொதுவாக ஒரு நாளைக்கு 10 கிராப்பி, புளூகில் வகை மீன்களில் 20 வரை அனுமதி. ஆனால் பல ஏரிகளில் வரம்பு இன்னும் குறைவு, கிளம்பும் முன் அந்த ஏரியின் விதியைப் பாருங்கள். பெரிய ஆண் புளூகில்தான் கோடையில் முட்டையிருக்கும் குழியைக் காவல் காக்கிறது. அவற்றை எல்லோரும் அள்ளிப் போனால், மீதியுள்ள ஆண்கள் சின்ன வயதிலேயே இனப்பெருக்கத்தில் இறங்கி, வளராமல் நின்றுவிடும். நடுத்தர அளவு மீன்களை எடுத்துக்கொண்டு பெரியவற்றைத் திருப்பி விடுங்கள்.

30 அடி ஆழத்திலிருந்து இழுத்த மீனுக்குக் காற்றுப்பை உப்பிவிடும், திருப்பி விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது. அதனால் அந்த ஆழத்தில் சமையலுக்குத் தேவையான அளவு மட்டும் பிடித்துவிட்டு, தூண்டிலைச் சுற்றி வையுங்கள்.