வீட்டில் நல்ல தேநீர்: டிக்காஷன் இறக்கியும், பாலோடு கொதிக்க வைத்தும்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து வீடுகளில் காப்பிக்குக் கிடைக்கும் அக்கறை தேநீருக்குக் கிடைப்பதில்லை. காப்பிக்கென்று பித்தளை ஃபில்டர் இருக்கிறது, டிக்காஷன் இறங்கும்வரை காத்திருக்கும் பொறுமையும் இருக்கிறது. தேநீர் என்றால் மட்டும் பால், தண்ணீர், தூள், சர்க்கரை எல்லாம் ஒரே பாத்திரத்தில் விழுந்து, யாராவது எட்டிப் பார்க்கும்வரை கொதித்துக்கொண்டே இருக்கும். தேநீருக்கும் டிக்காஷனைத் தனியாக இறக்குவதே சிறந்த முறை என்பது என் உறுதியான கருத்து.

முதலில் தூளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். நம் மளிகைக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது சி.டி.சி. முறையில் தயாரான டஸ்ட் டீ. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் இந்த இயந்திர முறை 1930-களில் அசாமில் உருவானது. தூள் மிகவும் பொடியாக இருப்பதால் சாரம் வெகு விரைவில் தண்ணீரில் இறங்கிவிடும். அதற்குப் பிறகும் கொதிக்க விட்டால் கசப்பும் துவர்ப்பும்தான் கூடும்.

மூன்று பேருக்கு 200 மில்லி தண்ணீரை நன்றாகத் தளதளவெனக் கொதிக்க வைத்து, மட்டமாக மூன்று தேக்கரண்டி டஸ்ட் டீயைப் போட்டு, அடுப்பைத் தணித்து ஒரு நிமிடம் மட்டும் கொதிக்க விடுங்கள். பிறகு அடுப்பை அணைத்து, மூடி வைத்து, மூன்று நிமிடம் கழித்துத் துணி வடிகட்டியில் வடிகட்ட வேண்டும். கடைசிச் சொட்டுக்காகத் துணியைப் பிழியக் கூடாது, ஏனெனில் அந்தச் சொட்டில் துவர்ப்பைத் தவிர வேறொன்றும் இருக்காது. 200 மில்லி பாலைத் தனியாகப் பொங்க வைத்து, டம்ளரில் முதலில் சர்க்கரை, அதன்மேல் டிக்காஷன், கடைசியில் சூடான பால் என்று ஊற்றி, இரண்டு மூன்று முறை ஆற்றினால் போதும். அவரவருக்கு வேண்டிய கடுப்பை டம்ளரிலேயே கூட்டவும் குறைக்கவும் முடிவது இம்முறையின் பெரிய வசதி.

பாலோடு சேர்த்துக் கொதிக்க வைக்கும் முறையையும் நான் ஒதுக்கிவிடவில்லை. பாலின் புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால் அந்தத் தேநீர் மென்மையாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைநாளின் மாலைக்கு அதுவே பொருத்தம். ஆனால் அதிலும் தூளை முதலில் தண்ணீரில் ஒரு நிமிடம் கொதிக்க வைத்து, பிறகே பாலை ஊற்றி, இரண்டு முறை பொங்கியதும் இறக்கிவிட வேண்டும்.

இஞ்சி சேர்ப்பவர்கள் அதைத் தட்டி, தூளுக்கும் முன்னால் வெறும் தண்ணீரில் இரண்டு நிமிடம் கொதிக்க விட வேண்டும். பச்சை இஞ்சியில் பாலைத் திரிய வைக்கும் ஒரு நொதி இருக்கிறது. கொதிநீரின் சூட்டில் அது செயலிழந்துவிடும். சுக்கு, ஏலக்காய் இரண்டையும் தூளோடு சேர்த்தே போடலாம். வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ போட்டால் பால் திரிவதாகப் பலர் வருந்துகிறார்கள். அடுப்பில் கொதிக்கும் பாலில் போடாமல், இறக்கிய பிறகு டம்ளரில் கலந்தால் திரியும் வாய்ப்பு குறைந்துவிடும்.

பால் இல்லாமல் குடிப்பவர்கள் தூளைப் பாதியாகக் குறைத்து, கொதிக்க விடாமல் வெந்நீரில் ஊற மட்டும் வைக்க வேண்டும். எலுமிச்சை பிழிந்தால் நிறம் வெளுப்பது இயல்பே.

தண்ணீரின் தரத்தை நம்மவர்கள் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. உப்பும் கடினத்தன்மையும் மிகுந்த ஆழ்குழாய்த் தண்ணீரில் எவ்வளவு நல்ல தூளைப் போட்டாலும் நிறம் மங்கும், மேலே மெல்லிய ஆடை படியும். வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் கொள்ளிடத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீரைத் தேநீருக்கென்று எடுத்து வைப்பது நல்லது. தூள் ஈரத்தையும் அக்கம்பக்கத்து வாசனையையும் விரைவில் இழுத்துக்கொள்ளும் ஆகையால், மசாலா டப்பாக்களுக்கு அருகில் வைக்காமல், இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் தனியே வைக்க வேண்டும். வடிகட்டும் துணிக்குச் சோப்பு ஆகாது. வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்தினாலே சுத்தமாகிவிடும்.