ஏரி வரத்துக் கால்வாயை ஊர்கூடித் தூர்வார

நல்ல மழை பெய்தும் ஏரி நிரம்பிக் கோடி போகவில்லையென்றால் (உபரிநீர் வழியவில்லையென்றால்), முதலில் ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயைப் பாருங்கள். தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை வலுக்கும். சித்திரை, வைகாசியிலேயே வேலையை முடித்துவிட வேண்டும்.

ஆயக்கட்டு, அதாவது ஏரி நீர் பாயும் நிலம், 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் என்றால் நீர்வளத்துறையிடம் அனுமதி கேளுங்கள். குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம். கிராம நிர்வாக அலுவலரிடம் வரைபடம் பார்த்துப் புல எண், அகலம் குறித்துக்கொள்ளுங்கள். ஆக்கிரமிப்பு இருந்தால் சர்வேயர் அளக்கும்வரை அங்கே மண்வெட்டி வைக்காதீர்கள். தகராறு வந்தால் மறுவாரம் ஆள் வராது.

ஊரார் தாங்களே கூடிப் பராமரிக்கும் குடிமராமத்துக்குக் கூலி இல்லை என்பதாலேயே திட்டம் அதிகம் வேண்டும். வந்தவரைச் சும்மா நிற்க வைப்பது அவர் உழைப்பை அவமதிப்பது. கூலிக்குப் போகிறவர்களை வேலைநாளில் கூப்பிடாதீர்கள். ஞாயிறு காலை 6 முதல் 9.30 வரை போதும். 20 பேர் என்றால் பத்து ஜோடி. ஜோடிக்கு 5 மீட்டர் அளந்து சுண்ணாம்புக் கோடு போடுங்கள். ஒருவர் வெட்ட, ஒருவர் அள்ளட்டும். குனிய முடியாத பெரியவர்கள் வருகைப் பதிவையும் மோர்ப்பானையையும் பார்த்துக்கொள்ளலாம்.

ஏரி முனையில் தொடங்கி மேல்நோக்கிப் போங்கள். மேலே சுத்தமாகிக் கீழே அடைத்திருந்தால் திடீர் மழை பக்கத்து வயலுக்குள் பாயும்.

சீமைக் கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் ஒரே மழையில் துளிர்த்துவிடும். தூரைச் சுற்றி ஒன்றரை அடி தோண்டி, பக்கவேரை அறுத்து, கடப்பாரையால் நெம்பி அடிக்கட்டையோடு எடுங்கள். அதன் முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும். தடித்த அடியுள்ள ஷூ அவசியம். பழுத்த காயை மாடும் ஆடும் தின்றால் சாணத்திலும் புழுக்கையிலும் மறுபடி முளைக்கும் என்பதால் சாக்கில் கட்டி அப்புறப்படுத்துங்கள். ஏரிக்கரை மேல் நிற்கும் மரத்தை மட்டும் வேரோடு பிடுங்கவே கூடாது. வேர் இருந்த பொந்தில் நீர் கசிந்து கரையே உடையலாம்.

அள்ளிய மண்ணை விளிம்பில் கொட்டினால் முதல் மழையிலேயே உள்ளே வந்துவிடும். மூன்றடியாவது தள்ளிப் போடுங்கள். கால்வாய் நீர் பாதைக்கு அடியில் போகும் குழாய்ப் பாலத்தின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் குழி விழுந்து நீர் அங்கேயே தேங்கும். கொத்தனாரின் டியூப் லெவலை (மட்டம் பார்க்கும் நீர்க்குழாயை) வைத்து 20 மீட்டருக்கு ஒருமுறை வாட்டம், அதாவது சரிவு, பாருங்கள்.

அன்றன்று எத்தனை மீட்டர் முடிந்தது, யார் யார் வந்தார்கள் என்று எழுதி, ஆகஸ்ட் 15 கிராமசபையில் எல்லார் பெயரையும் வாசியுங்கள். பணம் தந்தவர் பெயரை மட்டும் பேனரில் போட்டால் மண் சுமந்தவர் மனம் விட்டுப்போகும்.

முதல் மழை ஓய்ந்ததும் கால்வாய் நெடுக நடந்து, நீர் தேங்கிய இடங்களில் குச்சி நட்டு வையுங்கள்; அடுத்த சித்திரையில் ஆட்களை அங்கே முதலில் இறக்கலாம்.